கட்டாத மாளிகைக்குக் கழிவு!

நியூயார்க் நகரத்துக்கு வடக்கே வெஸ்ட்செஸ்டர் என்று ஒரு சீமான்கள் பிரதேசம் உண்டு. அங்கே செவன் ஸ்பிரிங்ஸ் என்ற ஒரு மாளிகை. அதைச் சுற்றி மரங்களும் புல்வெளியும் நிறைந்த பெரிய எஸ்டேட். 2015-ம் ஆண்டில் அதன் சொந்தக்காரர் ஒரு பத்திரம் எழுதிக் கொடுத்தார். "இந்த எஸ்டேட்டில் 158 ஏக்கரில் நான் வீடு கட்ட மாட்டேன், மனை பிரித்து விற்க மாட்டேன்" என்பது அதன் சாராம்சம். நிலம் கை மாறவில்லை. பத்திரத்துக்கு முன் யாருடைய நிலமோ, பத்திரத்துக்குப் பின்னும் அவருடைய நிலம்தான். ஆனால் அந்த "மாட்டேன்" என்ற சொல்லுக்கு 2 கோடியே 11 லட்சம் டாலர் என்று விலை போட்டார்கள். அது தர்மத்துக்குக் கொடுத்த நன்கொடை என்று கணக்கெழுதி, வரி கட்டவேண்டிய வருமானத்திலிருந்து கழித்துக் கொண்டார்கள்.

அந்தச் சொந்தக்காரர் வேறு யாருமல்ல, டொனால்டு டிரம்ப்தான். அடுத்த ஆண்டே அமெரிக்க ஜனாதிபதியாகத் தேர்ந்தெடுக்கப்பட்டார். நிலத்தின் மதிப்பை ஊதிப் பெருக்கிக் காட்டினார்கள் என்று நியூயார்க் மாகாண அட்டர்னி ஜெனரல் 2022-ல் தொடுத்த பெரிய வழக்கில் இந்த எஸ்டேட்டும் ஒன்று. அந்த வழக்கின் ஏற்ற இறக்கங்கள் நமக்கு இங்கே தேவையில்லை. நாம் கேட்பது வேறு கேள்வி. வேலை செய்யாத நாளுக்குக் கூலி கேட்டால் நம் ஊர் மிராசுதார் என்ன சொல்வார்? மில் மேனேஜர் என்ன சொல்வார்? அங்கே கட்டாத வீட்டுக்கு, போடாத மனைக்கு, சர்க்கார் கஜானா விட்டுக் கொடுக்கிறது. இது எப்படி நடக்கிறது? யார் வீட்டுப் பணம்?

இந்த ஏற்பாட்டுக்கு அமெரிக்காவில் "கன்சர்வேஷன் ஈஸ்மெண்ட்" என்று பெயர். காப்புப் பாத்தியம் என்று சொல்லிக் கொள்வோம். ஈஸ்மெண்ட் என்ற சொல் நமக்குப் புதிதல்ல. வெள்ளைக்காரன் 1882-ல் போட்ட ஈஸ்மெண்ட் சட்டம் அன்றே சென்னை மாகாணத்துக்கும் வந்துவிட்டது. கிரயப் பத்திரத்தை எடுத்துப் படித்துப் பாருங்கள்: மாமூல் நடைபாதை, வண்டிப் பாதை, வாய்க்கால் பாத்தியம் என்று வரிசையாக வரும். நிலம் ஒருவருக்குச் சொந்தம். ஆனால் அதன் வழியே தண்ணீர் கொண்டுபோக இன்னொருவருக்குப் பாத்தியம். வாய்க்கால் பாத்தியத்தில் பக்கத்து நிலத்துக்காரன் தன் நிலத்துக்குத் தண்ணீர் எடுத்துக் கொள்கிறான். காப்புப் பாத்தியத்தில் பாத்தியம் பெற்றவன் எதையும் எடுத்துப் போவதில்லை. நிலச்சொந்தக்காரன் எதைச் செய்யக் கூடாது என்று தடுத்து நிற்பதே அவன் பாத்தியம். மனை போடக் கூடாது, காட்டை மொட்டையடிக்கக் கூடாது, சதுப்பு நிலத்தைத் தூர்க்கக் கூடாது, இந்த எல்லைக்கு வெளியே கட்டடம் கூடாது. இப்படி ஷரத்துக்கள். நிலத்தின் மேல் ஒரு வில்லங்கம். அதுவும் சாசுவதமான வில்லங்கம். மகனுக்குப் போனாலும், விற்றாலும், ஏலம் போனாலும் நிலத்தோடு கூடவே போகும். பாத்தியத்தை வைத்திருப்பது ஒரு சர்க்கார் இலாகாவாக இருக்கலாம். அல்லது நில டிரஸ்ட் என்ற தர்ம ஸ்தாபனமாக இருக்கலாம்.

விலை போடுவது எப்படி? பத்திரத்துக்கு முன் நிலம் 10 லட்சம் டாலர் போகும். பத்திரத்துக்குப் பின் வீடு கட்ட முடியாத நிலமாகி 4 லட்சம்தான் போகும் என்று வைத்துக் கொள்ளுங்கள். நடுவில் உள்ள 6 லட்சம், சொந்தக்காரர் ஊருக்குக் கொடுத்த தானம்! அந்த 6 லட்சத்தை வருமானத்தில் கழித்துக் கொள்ளலாம். 1951-ல் வினோபா பாவே போச்சம்பள்ளியில் ஆரம்பித்த பூதானம் நினைவுக்கு வருகிறதா? கல்லும் கரம்பும் தானமாக வந்தது என்று நாம் அன்று குறை சொன்னோம். அங்காவது கரம்பை எழுதிக் கொடுத்தார்கள். இங்கே நிலம் வீட்டிலேயே இருக்க, தானம் மட்டும் வெளியே போகிறது.

இந்த ஏற்பாடு ஒரே நாளில் முளைத்ததல்ல. யுத்தத்துக்குப் பிறகு அமெரிக்க நகரங்கள் வயலையும் காட்டையும் விழுங்கிக் கொண்டு வளர்ந்தன. நிலம் முழுவதையும் சர்க்கார் வாங்கிக் காப்பாற்றப் பணம் போதாது. மனை போடும் உரிமையை மட்டும் வாங்கினால் போதும் என்று 1959-ல் வில்லியம் ஒயிட் என்ற எழுத்தாளர் எழுதினார். காப்புப் பாத்தியம் என்ற பெயரைப் பரப்பியவர் அவர்தான். 1964-ல் வரி இலாகா, நெடுஞ்சாலை ஓரத்து நிலத்தில் இப்படிப் பாத்தியம் கொடுத்த ஒருவருக்குக் கழிவு உண்டு என்று தீர்ப்புச் சொன்னது. 1976-ல் சட்டத்திலேயே கழிவு ஏறியது; 1980-ல் நிரந்தரமாயிற்று. 2006-ல் கழிவு இன்னும் தாராளமாயிற்று: ஒரு வருஷத்து வருமானத்தில் பாதி வரை கழிக்கலாம், மிச்சத்தை மேலும் 15 ஆண்டுகளுக்கு நீட்டிக் கொள்ளலாம். 2015 டிசம்பரில் அதையும் நிரந்தரமாக்கினார்கள்.

இந்த இடத்தில் நாம் நிதானம் இழக்கக் கூடாது. எல்லாமே மோசடி என்று சொல்லிவிட்டுப் போவது சுலபம், அது உண்மையல்ல. அமெரிக்காவின் நிலத்தில் சுமார் 60 சதம் தனியார் கையில் இருக்கிறது. ஆற்றின் தலைப்பு, பறவை இறங்கும் சதுப்பு, நல்ல கரிசல் வயல், எல்லாம் தனியார் வேலிக்குள். சர்க்கார் சட்டம் போட்டுத் தடுத்தால் "சொத்துரிமை போச்சு" என்று கோர்ட்டுக்குப் போகிறார்கள். ஆகவே நிலக்காரனின் சம்மதத்தோடு நிலத்தைக் காக்கும் வழி இது ஒன்றுதான் என்று அங்கே பலர் நல்லெண்ணத்தோடு நம்புகிறார்கள். பலனும் கண்டிருக்கிறது. 2020-ம் ஆண்டு முடிவில் நில டிரஸ்டுகள் பல வழிகளிலும் சேர்ந்து காத்த நிலம் 6 கோடியே 10 லட்சம் ஏக்கர் என்று அவர்களுடைய சம்மேளனம் கணக்குச் சொல்கிறது. அதில் பெரும்பகுதி வெறும் காகிதமல்ல. மெய்யான காடு, மெய்யான தண்ணீர்.

நியூயார்க்கை அடுத்த லாங் ஐலண்டில் சபோக் என்ற ஜில்லா 1974-ல் ஒரு வழி கண்டது. உருளைக்கிழங்கு பயிரிடும் விவசாயிகளிடமிருந்து மனை போடும் உரிமையை மட்டும் ரொக்கம் கொடுத்து ஜில்லா சர்க்காரே வாங்கியது. விவசாயிக்குக் கையில் பணம், கடன் அடைந்தது, நிலம் வயலாகவே நின்றது. இதை நான் குறை சொல்ல மாட்டேன். தகப்பன் செத்தபின் வாரிசு வரிக்கும் பங்காளிக்கும் பயந்து நிலத்தைக் கண்டிராக்டருக்கு விற்கும் சிறு விவசாயிக்கு இது ஒரு மூச்சு. மத்திய விவசாய இலாகாவும் இப்படி ரொக்கம் கொடுத்து வாங்கும் திட்டம் ஒன்றை 2014-ம் ஆண்டுச் சட்டத்தின் கீழ் நடத்துகிறது.

ரொக்கத்துக்கும் கழிவுக்கும் உள்ள வித்தியாசத்தை நம் தோழர்கள் கவனிக்க வேண்டும். ரொக்கம் கொடுத்து வாங்கினால் பட்ஜெட்டில் எழுத வேண்டும்; எவ்வளவு, எந்த நிலத்துக்கு, ஏன் என்று சபையில் கேள்வி கேட்கலாம். கழிவு கொடுத்தால் அதை யாரும் பார்ப்பதில்லை. வரவேண்டிய பணம் வராமலே போய்விடும். மேலும், கழிவு என்பது வருமானம் உள்ளவனுக்குத்தான் பயன். ஆண்டுக்குக் கோடி டாலர் சம்பாதித்து உச்ச விகிதத்தில் 37 சதம் வரி கட்டியவனுக்கு 2025 வரை ஒவ்வொரு டாலர் கழிவும் 37 சென்ட் மிச்சமாக இருந்தது. விளைச்சல் பொய்த்து வரி கட்டும் அளவுக்கு வருமானமே இல்லாத விவசாயிக்குக் கழிவு எதிலிருந்து கழியும்? 2006-ம் ஆண்டுச் சட்டம் விவசாயிகளுக்கு வருமானம் முழுவதையுமே கழித்துக் கொள்ள இடம் கொடுத்தது. பூஜ்யத்தில் முழுவதையும் கழித்தாலும் பூஜ்யம்தானே!

பத்திரம் எழுதியபின் நடக்கும் வேலையைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அந்த வேலையைச் செய்பவர்கள் டிரஸ்டுகளின் சம்பளத்துக்கு உழைக்கும் சாதாரண ஊழியர்கள். அவர்களைப் பற்றி நாலு வார்த்தை சொல்லத்தான் வேண்டும். பத்திரம் பதிவாகும் நாளில் நிலம் எப்படி இருந்தது என்று ஓர் அறிக்கை தயாரிக்க வேண்டும். எங்கே வேலி, எங்கே கொட்டகை, எந்த ஓடையில் தண்ணீர், எந்த இடத்தில் என்ன மரம். படம் பிடித்து, வரைபடம் போட்டு, நிலக்காரனிடம் கையெழுத்து வாங்க வேண்டும். நாளைக்குத் தகராறு வந்தால் இதுதான் சாட்சி. பிறகு வருஷத்துக்கு ஒரு முறை ஊழியர் நேரில் போய் எல்லை சுற்றி நடக்க வேண்டும். போன வருஷம் இல்லாத பாதை இந்த வருஷம் எப்படி வந்தது? இந்த மண்மேடு யார் கொட்டியது? குறித்துக் கொண்டு வந்து நிலக்காரனிடம் பேச வேண்டும். இப்போது ஆகாயத்திலிருந்து படம் எடுத்தும் பார்க்கிறார்கள். ஆனால் ஆகாயப் படம் நிலக்காரனோடு உட்கார்ந்து பேசாது.

அனுபவம் உள்ளவர்கள் சொல்வது இது: பத்திரம் எழுதிய முதல் சொந்தக்காரர் பெரும்பாலும் வாக்குக் காப்பார், நிலத்தின் மேல் பாசம் இருந்ததால்தானே எழுதினார்! தொல்லை வருவது அவரிடமிருந்து வாங்கிய இரண்டாவது ஆளிடம். அவன் பத்திரத்தைப் படித்திருக்க மாட்டான். படித்தாலும் தன் பணத்துக்கு முன் எந்தக் காகிதமும் நிற்காது என்று நினைப்பான். காலிபோர்னியாவில் சொனோமா மலையில் ஒன்று நடந்தது. பாத்தியம் எழுதப்பட்ட நிலத்தை விலைக்கு வாங்கிய ஒருவர், தன் பக்கத்து நிலத்தில் கட்டும் புது வீட்டின் முன் அலங்காரமாக நிற்க வேண்டும் என்று 180 வயதான ஓக் மரம் ஒன்றைப் பெயர்த்தெடுத்தார். அதை இழுத்துப் போக மலையை வெட்டிப் பாதை போட்டார். வழியில் இருந்த மரங்களும் செத்தன, பெயர்த்த மரமும் செத்தது. சொனோமா நில டிரஸ்ட் கோர்ட்டுக்குப் போனது. 2019-ல் நீதிபதி 5 லட்சத்து 80 ஆயிரம் டாலருக்கு மேல் நஷ்டஈடு விதித்தார். அப்பீலிலும் டிரஸ்டே ஜெயித்தது. இந்த மாதிரி வழக்கு ஒன்று வந்தால் சிறிய டிரஸ்ட் திவாலாகிவிடும் என்பதால், டிரஸ்டுகள் ஒன்றுகூடி 2013-ல் தங்களுக்குள்ளேயே ஓர் இன்ஷுரன்ஸ் ஸ்தாபனம் ஏற்படுத்திக் கொண்டன. சங்கம் வைத்துப் பிழைக்கும் வழி அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது!

இவ்வளவு உழைப்பின் மேல் ஏறி உட்கார்ந்துதான் பணமூட்டைகள் தங்கள் வேட்டையை நடத்தின.

கோல்ப் மைதானத்தை எடுத்துக் கொள்ளுங்கள். அலபாமா மாகாணத்தில் கடலோரத்தில் ஒரு கோல்ப் மைதானக் கம்பெனி, "இந்தப் பச்சைப் புல்தரையில் வீடு கட்ட மாட்டோம்" என்று பாத்தியம் எழுதிக் கொடுத்தது. வரிக் கோர்ட்டு 2009-ல் அந்தக் கம்பெனிக்கு 2 கோடியே 86 லட்சம் டாலர் கழிவு உண்டு என்று தீர்ப்பளித்தது. பந்தடித்து விளையாடும் முதலாளிக்கு அந்தப் புல்தரை முன்பும் வேண்டும், பின்பும் வேண்டும். அவர் எதைத் தியாகம் செய்தார்?

மோசடியின் சிகரம் கூட்டுக் கம்பெனிகள். கணக்குப் புரிவதற்காக நானே ஓர் உதாரணம் சொல்கிறேன். ஒரு தரகன் 20 லட்சம் டாலருக்கு எங்கோ ஒரு மூலையில் காட்டு நிலம் வாங்குகிறான். அதை ஒரு கம்பெனி பேரில் எழுதி, வருஷக் கடைசியில் வரிக்குப் பயந்து அலையும் டாக்டர்கள், வியாபாரிகள், கம்பெனி டைரக்டர்களிடம் 50 லட்சத்துக்குப் பங்கு விற்கிறான். உடனே ஒரு மதிப்பீட்டாளர் வருகிறார். "இங்கே உல்லாச விடுதி கட்டலாம், நூறு பங்களா எழுப்பலாம், ஆகவே பாத்தியத்தின் மதிப்பு 2 கோடி" என்று சீட்டு எழுதுகிறார். அந்த ஊரில் பங்களா வாங்க ஆள் உண்டா என்று யாரும் கேட்பதில்லை. பங்குதாரர்கள் கூடி "தானம் கொடுப்போம்" என்று ஓட்டுப் போடுகிறார்கள். 2 கோடி கழிவு. 37 சதத்தில் 74 லட்சம் வரி மிச்சம். 50 லட்சம் போட்டு 74 லட்சம்! தரகனுக்கு 30 லட்சம். காட்டுக்கு ஒன்றும் ஆகவில்லை; அது முன்பு இருந்தபடியே, பங்களா கட்ட எவனும் வராமல் நின்று கொண்டிருக்கிறது.

2016 டிசம்பரில்தான் வரி இலாகா விழித்துக் கொண்டு, போட்ட பணத்துக்கு இரண்டரை மடங்கும் அதற்கு மேலும் கழிவு கிடைக்கும் என்று ஆசை காட்டும் இத்தகைய கூட்டுக்களைக் கண்காணிப்புப் பட்டியலில் சேர்த்தது. 2020 ஆகஸ்டில் செனட் நிதிக் கமிட்டி விசாரித்து அறிக்கை வெளியிட்டது. 2022 டிசம்பரில் சட்டம் வந்தது: கூட்டாளி போட்ட முதலுக்கு இரண்டரை மடங்குக்கு மேல் போனால் கழிவு கிடையாது. (இரண்டரை மடங்கு வரை போனால்? அது பற்றிச் சட்டத்துக்கு அவ்வளவு கோபம் இல்லை.) 2024 ஜனவரியில் ஜார்ஜியாவில் இந்தத் தொழிலை நடத்திய ஒரு கணக்காளருக்கு 25 ஆண்டும் ஒரு வக்கீலுக்கு 23 ஆண்டும் சிறைத் தண்டனை விதிக்கப்பட்டது. அவர்கள் விற்ற பொய்க் கழிவுகள் 130 கோடி டாலருக்கு மேல் என்று சர்க்கார் தரப்புச் சொன்னது. தண்டனை நியாயம்தான். ஆனால் தரகனைப் பிடித்தால் தீர்ந்துவிடும் வியாதியல்ல இது. நிலத்துக்கு உழவன் எடுக்கும் விளைச்சல் விலையல்ல. நாளை எவனாவது பங்களா கட்டினால் வரக்கூடிய கற்பனை லாபம்தான் விலை என்று சட்டமே ஒப்புக் கொண்டிருக்கிறது. அதன் மேல் நின்றுதான் தரகன் கடை விரித்தான்.

பெரிய தர்ம ஸ்தாபனங்களும் கறைபடாமல் இல்லை. நேச்சர் கன்சர்வன்ஸி என்பது 1951-ல் தோன்றிய பிரம்மாண்டமான ஸ்தாபனம். அது நிலம் வாங்கி, பாத்தியம் எழுதி, மதிப்புக் குறைந்த விலைக்குத் தன் டிரஸ்டிகளுக்கும் ஆதரவாளர்களுக்குமே விற்றதை வாஷிங்டன் போஸ்ட் பத்திரிகை 2003-ல் அம்பலப்படுத்தியது. வாங்கியவர்கள் மீதித் தொகையை அதே ஸ்தாபனத்துக்கு நன்கொடையாகக் கொடுத்து, அதற்கும் வரிக் கழிவு எடுத்துக் கொண்டார்கள். அம்பலமான பிறகு ஸ்தாபனம் அந்த வழக்கத்தை நிறுத்திக் கொண்டது.

மில் தொழிலாளிகள் தெரிந்துகொள்ள வேண்டிய கதை அமெரிக்காவின் வடகிழக்கு மூலையில், மெயின் மாகாணத்தில் நடந்தது. மில்லினாக்கெட் என்ற ஊர். ஊர் முளைத்ததே மில்லால்தான். கிரேட் நார்தர்ன் பேப்பர் கம்பெனி 1900-ல் அங்கே காகித மில்லைத் திறந்தது. சுற்றிலும் லட்சக் கணக்கான ஏக்கர் காடு, கம்பெனிக்கே சொந்தம். அப்பன், மகன், பேரன் என்று மூன்று நாலு தலைமுறை அந்த மில்லுக்குள் போய் வந்தது. கோவையிலும் ராஜபாளையத்திலும் மில் சங்கு ஊதி விடிந்த ஊர்களை அறிந்தவர்களுக்கு இதற்கு மேல் விவரிக்க வேண்டியதில்லை.

இந்த நூற்றாண்டின் ஆரம்பத்தில் மில் கடனில் மூழ்கியது. 2002 ஆகஸ்டில் நேச்சர் கன்சர்வன்ஸி 5 கோடி டாலர் கடன் விஷயத்தில் கை கொடுத்தது. 1 கோடியே 40 லட்சம் டாலர் கடனைத் தீர்த்தது. 3 கோடியே 60 லட்சத்தைக் குறைந்த வட்டிக்கு மாற்றிக் கொடுத்தது. பதிலுக்கு 41,000 ஏக்கர் காடு அதற்குக் கிடைத்தது. மேலும் 2 லட்சம் ஏக்கரில் கம்பெனி காப்புப் பாத்தியம் எழுதிக் கொடுத்தது. மரம் வெட்டலாம், ஆனால் காட்டைக் கெடுக்காமல் வெட்ட வேண்டும். மனை போடக் கூடாது. பொதுஜனங்கள் வேட்டைக்கும் மீன் பிடிக்கவும் போகலாம். பத்திரம் நல்ல பத்திரம். மில்லும் பிழைக்கும் என்று சொல்லப்பட்டது.

ஐந்தே மாதம். 2003 ஜனவரியில் மில் திவால் நோட்டீஸ் கொடுத்தது. ஆயிரத்துக்கு மேற்பட்ட தொழிலாளிகள் பனிக் காலத்தின் நடுவில் தெருவில் நின்றார்கள். அந்த ஆண்டே வேறொரு கம்பெனி வாங்கி ஒரு பகுதியை ஓட்டிப் பார்த்தது. 2008-ல் மில்லினாக்கெட் மில் நின்றது. பக்கத்து ஊரான கிழக்கு மில்லினாக்கெட் மில்லும் 2014-ல் நின்றது.

டிரஸ்டின் பணம் மில்லை மூழ்கடித்தது என்று நான் சொல்லவில்லை. மில்லை மூழ்கடித்தது பழைய யந்திரங்களை மாற்றாமல் லாபத்தை மட்டும் உறிஞ்சிய முதலாளித்துவமும், காகிதச் சந்தையின் வீழ்ச்சியும், கைமாறிக் கைமாறி வந்த முதலாளிகளும்தான். நான் சொல்வது ஒன்றுதான். அந்த 2002-ம் ஆண்டு மேஜையில் கடன் கொடுத்தவன் உட்கார்ந்தான், கம்பெனி உட்கார்ந்தது, டிரஸ்ட் உட்கார்ந்தது. பத்திரத்தில் கட்சிகள் கம்பெனியும் டிரஸ்டும். மரத்துக்குச் சாசுவதமான உத்தரவாதம் எழுதப்பட்டது. கம்பெனி போனாலும் அந்த உத்தரவாதம் போகவில்லை; இன்றும் அந்தக் காட்டின் மேல் அது நிற்கிறது. மரத்துக்கு இப்படி எழுத முடியும் என்றால், அதே மேஜையில், அதே கடனை முன்னிட்டு, தொழிலாளிக்கு வேலை முறிவுச் சம்பளத்துக்கும் பென்ஷனுக்கும் முன்னுரிமை என்று ஒரு ஷரத்து எழுத எந்தச் சட்டம் தடுத்தது? யாரும் தடுக்கவில்லை. கேட்க அங்கே ஆள் இல்லை, அவ்வளவுதான்.

வயலில் நிலைமை என்ன? அமெரிக்க விவசாயத் தொழிலாளி தொடக்கத்திலிருந்தே சட்டத்துக்கு வெளியே நிறுத்தப்பட்டவன். சங்கம் அமைக்கும் உரிமையைக் காக்கும் 1935-ம் ஆண்டுச் சட்டத்தில் அவனுக்கு இடமில்லை. 1938-ம் ஆண்டுக் கூலிச் சட்டத்திலிருந்தும் அவனைத் தள்ளினார்கள்; குறைந்தபட்சக் கூலி 1966-ல்தான் அவனில் ஒரு பகுதியை எட்டியது; ஓவர்டைம் உரிமை மத்தியச் சட்டப்படி இன்றும் கிடையாது. 1965 செப்டம்பரில் காலிபோர்னியா டெலானோவில் பிலிப்பினோ தொழிலாளிகள் திராட்சைத் தோட்டத்தை விட்டு வெளியேறி வேலைநிறுத்தம் தொடங்கியதும், மெக்ஸிகோ வம்சத் தொழிலாளிகள் அதில் கலந்ததும், ஐந்து வருஷம் நின்று ஜெயித்ததும் உலகறிந்த வரலாறு. அந்த மாதிரிப் பண்ணை நிலத்தின் மேல் காப்புப் பாத்தியம் எழுதும்போது, கட்டடம் எழுப்ப இன்ன இடம்தான் என்று ஒரு வட்டம் போடுகிறார்கள். பண்ணை வீட்டுக்கு இடம் உண்டு, கொட்டகைக்கு இடம் உண்டு. தொழிலாளர் குடியிருப்புக்கு? சில பத்திரங்களில் முன்யோசனையோடு இடம் விடுகிறார்கள். விடாத பத்திரங்களும் உண்டு. அன்று மறந்தால் மறந்ததுதான். சாசுவதப் பத்திரமாயிற்றே! தொழிலாளி மைல் கணக்கில் தூரத்திலிருந்து வந்து வேலை செய்துவிட்டுப் போக வேண்டியதுதான்.

இன்னொரு சூழ்ச்சியும் உண்டு. மனை போட முடியாத நிலம் மலிவாகும், உழுகிறவன் வாங்கலாம் என்று நினைத்தார்கள். ஆனால் அழகான ஊர்களில் பணக்காரன் அந்த நிலத்தைத் தன் மாளிகைக்கு முன் புல்வெளியாக வாங்கத் தொடங்கினான். பத்திரத்தில் "கட்டக் கூடாது" என்றுதான் இருக்கிறதே தவிர, "பயிர் செய்ய வேண்டும்" என்று இல்லையே! இதைக் கண்டு லாங் ஐலண்டில் பீகானிக் நில டிரஸ்ட் பயிரிட்டே ஆகவேண்டும் என்று ஷரத்துப் போடத் தொடங்கியது. வெர்மான்ட், மாஸாசுஸெட்ஸ் மாகாணங்களில் இன்னும் ஒரு படி மேலே போனார்கள்: நிலத்தை விவசாயி அல்லாதவனுக்கு விற்கப் போனால், விவசாய மதிப்புக்கு அதை வாங்கிக் கொள்ளும் உரிமை பாத்தியம் வைத்திருப்பவருக்கு உண்டு என்று எழுதி வாங்கினார்கள். ஆக, நினைத்தால் எழுத முடியும். மேற்குக் கரையில் ஓக்லண்ட் நகரசபை 2022-ல், முன்பு அந்த மண்ணை இழந்த பூர்வகுடிகளின் நில டிரஸ்டுக்கு நகரப் பூங்காவின் சுமார் 5 ஏக்கரில் இதே பாத்தியத்தை எழுதிக் கொடுக்கும் முடிவை அறிவித்தது. ஐந்து ஏக்கர் சிறிய இடம்தான். ஆனால் சீமானின் வரிக்காக வளைந்த அதே சட்டக் கருவி, நிலம் பறிபோனவன் பக்கமும் வளையும் என்று அது காட்டிவிட்டது.

"கம்யூனிஸ்டுகளுக்குக் காடு முக்கியமல்ல, கூலிதான் முக்கியம்" என்று சிலர் ஏளனம் பேசுவார்கள். காடு அழிந்தால் முதலில் தண்ணீர் இல்லாமல் போவது கூலிக்காரன் குடிசையில்தான். சீமான் வீட்டுக்கு லாரியில் தண்ணீர் வரும். ஆனால் காட்டைக் காப்பது என்ற பெயரில் நடக்கும் ஏற்பாட்டில் உழைத்தவன் மட்டும் கணக்கில் வராமல் போவதை நாம் நம் மலையிலேயே பார்த்தோம். திருநெல்வேலி மாஞ்சோலை எஸ்டேட்டை சிங்கம்பட்டி ஜமீன் 1929-ல் பம்பாய் பர்மா டிரேடிங் கம்பெனிக்கு 99 ஆண்டுக் குத்தகைக்கு விட்டது. அங்கே நிலம் கம்பெனிக்குச் சொந்தமல்ல, வெறும் குத்தகை. ஆகவே மெயின் மாகாணத்துக் கதையும் இதுவும் ஒன்றல்ல. ஆனாலும் முடிவில் ஒரு ஒற்றுமை இருக்கிறது. கூலிக்காகப் போராடி, 1999 ஜூலை 23-ம் தேதி தாமிரபரணிக் கரையில் 17 உயிர்களைப் பலி கொடுத்த தொழிலாளிகள் அவர்கள். குத்தகைக் காலம் முடியும் முன்பே 2024-ல் கம்பெனி விருப்ப ஓய்வு என்று சீட்டை நீட்டி வேலையை நிறுத்தியது. தேயிலைத் தோட்டத்தை அரசே எடுத்து நடத்த வேண்டும் என்ற மனுக்களை அந்த ஆண்டு டிசம்பரில் ஐகோர்ட்டு தள்ளுபடி செய்தது. புலிக்குக் காடு கிடைக்கட்டும். யாரும் வேண்டாமென்று சொல்லவில்லை. கம்பெனி தொண்ணூறு வருஷத்துக்கு மேல் எடுத்த லாபத்தை எடுத்துக் கொண்டு இறங்கிற்று. நான்கைந்து தலைமுறை கொழுந்து பறித்தவர்கள் எதை எடுத்துக் கொண்டு இறங்கினார்கள்?

அமெரிக்கத் தொழிற்சங்கங்களும், அங்கே நேர்மையோடு உழைக்கும் நில டிரஸ்ட் ஊழியர்களும் கேட்க வேண்டியவை கஷ்டமான கோரிக்கைகளல்ல. கழிவு முறையை ஒழித்து, பட்ஜெட்டில் எழுதி ரொக்கத்துக்கு வாங்கு. விலையை ஊரறியச் சொல். பொதுப் பணம் போன நிலத்தில், பயிருக்கும் மிருகத்துக்கும் கேடில்லாத இடங்களில், ஜனங்கள் நடக்கப் பாதை விடு. இன்றைய சட்டத்தில் காட்டு உயிர் பாதுகாப்புக்கென்று எழுதினால் ஜனங்களை உள்ளே விட வேண்டிய அவசியமே இல்லை. மில்லையோ பண்ணையையோ சார்ந்த நிலத்தில் பத்திரம் எழுதும்போது அங்கே வேலை செய்கிறவர்களின் சங்கத்தையும் ஒரு கட்சியாகச் சேர். வருஷா வருஷம் எல்லை சுற்றி வரும் ஊழியர் கையில் ஓர் அறிக்கைப் படிவம் இருக்கிறது. வேலி, ஓடை, மரம், மண்மேடு என்று அதில் கட்டம் கட்டமாகக் கேட்டிருக்கிறது. அந்த நிலத்தில் எத்தனை பேர் வேலை செய்கிறார்கள், எங்கே குடியிருக்கிறார்கள், போன வருஷத்தைவிட ஆள் குறைந்ததா, குறைந்தால் ஏன் என்று இன்னும் நாலு கட்டம் அதில் சேர்க்க ஒரு தாள்கூட அதிகம் பிடிக்காது.